தூங்காத கையெழுத்து

அவர் முதலில் யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். வருகைப் பதிவேட்டை நம் பக்கம் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டுவார். நாம் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நம் விரல்களிலேயே கண் இருக்கும். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிப்பதுபோல அந்தக் கையெழுத்தைப் படிப்பார். அதற்கு அப்புறம்தான் நிமிர்வார். "செரிங்க, போங்க" என்றால் அன்றைக்கு நமக்கு ஒன்றும் இல்லை. பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

நான் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். விருதுநகர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய ஆஸ்பத்திரியில் ஜூனியர் டாக்டராகச் சேர்ந்தேன். எனக்கு இரண்டு வாரம் முன்னால்தான் அவரும் அங்கே ஆபீஸ் கிளார்க்காக வந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா, முழங்கையில் ஒட்டுப் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர். அதற்கு முன் ஒரு தேயிலை பேக்டரியில் இருபது வருடத்துக்கு மேல் டைம்கீப்பர் வேலை பார்த்தவர். எந்த ஆள் எந்த ஷிப்டுக்கு வந்தான், எப்போது போனான் என்று எழுதி வைக்கிற வேலை. பேக்டரி மூடியது, வேலை போனது, பட்டம் மட்டும் கூடவே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் டைம்கீப்பர் அண்ணன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு மரமாக வளர்ந்து நின்றது. ஒவ்வொரு பேக்டரியாகப் புகை நின்றது. எஸ்டேட்டுகள் சிக்கனம் என்று ஆரம்பித்தபோது முதலில் பூட்டியது தங்கள் டிஸ்பென்சரிகளைத்தான். அதுவரை லயன் என்கிற தங்கள் வரிசை வீடுகளுக்குப் பக்கத்திலேயே காய்ச்சலுக்கு மருந்து வாங்கியவர்கள், பிரசவம் பார்த்துக்கொண்டவர்கள், எல்லாரும் எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். காலை முதல் பஸ்ஸில் ஏறி எட்டு மணிக்குள் மொத்தமாக வந்து நிற்பார்கள்.

அவர்களைப் பார்க்க இருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். சூப்பரின்டென்டென்ட்டாக இருந்த பெரிய டாக்டர், நான், ஈரோட்டிலிருந்து வந்த இன்னொரு ஜூனியர், மூன்றாவது ஜூனியராக ஒருவர். அந்த மூன்றாமவர், நான் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு காலை நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் பெட்டியோடு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். முந்தைய நான்கு நாட்களாக டைம்கீப்பர் அண்ணன் அவருடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டரிடம் போய், "அந்த டாக்டருங்க ரொம்ப நாள் தாங்க மாட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பெரிய டாக்டர் சிரித்திருக்கிறார்.

அந்த மூன்றாமவர் போன பிறகு அவருடைய வேலையும் எங்கள் இரண்டு பேர் தலையில் விழுந்தது. பகல் முழுக்க வெளிநோயாளிகள், இரவு முழுக்க வார்டு, மறுநாள் பகல் மறுபடியும் வெளிநோயாளிகள் என்று ஓடியது. யாரும் எங்களைக் கொடுமைப்படுத்தவில்லை. பெரிய டாக்டரும் அப்படித்தான் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். எங்களையும் அப்படியே நினைத்துக்கொண்டார். நாங்களும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

அப்படி ஒரு முப்பது மணி நேரம் கழித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோதுதான் டைம்கீப்பர் அண்ணன் என்னிடம் "செரிங்க, போங்க"வுக்கு மேல் முதல்முறையாகப் பேசினார்.

"இது உங்க கையெழுத்து இல்லீங்க, அம்மிணி."

நான்தானே உங்கள் கண் முன்னால் போட்டேன் என்றேன். அவர் பதிவேட்டில் பின்னோக்கிப் புரட்டி, நான் சேர்ந்த நாளின் பக்கத்தை எடுத்துக் காட்டினார். அங்கே என் பெயர் முழுதாக, சுழி சுழியாக, கடைசியில் ஒரு நீண்ட வாலோடு இருந்தது. இன்றைய கட்டத்தில் ஒரு முதலெழுத்தும், அதற்குப் பிறகு வழுக்கி விழுந்ததுபோல ஒரு கோடும் இருந்தன.

"அன்னிக்குப் போட்டவங்க தூங்கி எந்திரிச்சு வந்திருந்தாங்க. இவங்க எப்பத் தூங்கினாங்க?"

பரவாயில்லை அண்ணே என்றேன். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. "பரவால்லைன்னு சொல்றவங்களத்தான் நாங்க முதல்ல ஊட்டுக்கு அனுப்புவோம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. தேயிலை பேக்டரி கிளார்க் எனக்கு வைத்தியம் சொல்கிறாரா என்று நினைத்தபடி வார்டுக்குப் போனேன்.

அவரை ஏமாற்றவும் பார்த்திருக்கிறோம். ஈரோட்டு டாக்டர் ஒருமுறை, முகம் கழுவி, தலை வாரி, ஒரு வெள்ளைத்தாளில் நாலு தடவை எழுதிப் பழகிவிட்டு வந்து, அச்சுப்போலக் கையெழுத்துப் போட்டார். டைம்கீப்பர் அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "தூங்காத கையெழுத்துதானுங்க. கூடவே பயந்தும் இருக்குது" என்றார். இன்னொரு நாள், அதே டாக்டரின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "ஊட்ல யாருக்குங்க ஒடம்பு சொகமில்லை?" என்று கேட்டார். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று முந்தின நாள் போன் வந்திருந்தது. எங்கள் யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் லீவு கேட்பதாக ஆகுமே என்று அடக்கி வைத்திருந்தார். டைம்கீப்பர் அண்ணன் எழுந்துபோய்ப் பெரிய டாக்டரிடம் பேசி, அடுத்த பஸ்ஸில் அவரை ஈரோட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்.

எல்லா நாளும் அவரைப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. யார் எப்போது எங்கே இருந்தோம் என்பது அவருக்குத் தெரியும். அது சில சமயம் கூச்சமாக இருந்தது, சில சமயம் எரிச்சலாக இருந்தது. நான் அழுத நாளையும் அவர் கண்டுபிடித்துவிடுவார். என்ன என்று கேட்கமாட்டார். எனக்கு முன்னால் பேனாவை நகர்த்தி வைக்கும் விதத்தில் ஒரு மென்மை வந்துவிடும்.

அந்த வருடம் மழைக்காலத்தில் எனக்கு அது நடந்தது. இரண்டு பகலும் ஓர் இரவும் தொடர்ந்து நின்ற பிறகு, மூச்சிரைப்போடு ஒரு நான்கு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசி மருந்து எழுதினேன். அளவில் ஒரு புள்ளி இடம் மாறிவிட்டது. கொடுக்க வேண்டியதைப் போலப் பத்து மடங்கு. சீட்டை வாங்கிய சிஸ்டர் மருந்தை ஏற்றாமல் திரும்பி வந்து, "டாக்டர், இதக் கொஞ்சம் மறுபடி பாருங்க" என்று மெல்லக் கேட்டார். பார்த்தேன். திருத்தினேன். குழந்தை அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து ரொட்டி தின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்குத்தான் ஆகிவிட்டது. அந்தச் சிஸ்டர் அன்று லீவில் இருந்திருந்தால் என்ற ஒரே நினைப்பு மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாள் காலை ஒரு தாளை எடுத்து, மருந்துச் சீட்டில் நடந்ததைச் சொல்லி, இந்த வேலைக்கு எனக்குத் தகுதி இல்லை, விலகிக்கொள்கிறேன் என்று எழுதினேன். ஆஸ்பத்திரி வேலையை மட்டும் அல்ல, டாக்டர் வேலையையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஊருக்குப் போய் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

வருகிற கடிதங்களைப் பதிந்து முத்திரை குத்துவதும் அவர்தான். அவரிடமே கொடுத்தேன். படித்தார். இரண்டாவது தடவை படிக்கவில்லை, எழுத்தைப் பார்த்தார். முத்திரையை எடுக்காமல் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ராஜினாமா குடுக்கறது உங்க உரிமைங்க. நான் தடுக்கலை. ஆனா அந்த மருந்துச் சீட்டு எழுதின அதே கைதானுங்க இதையும் எழுதியிருக்குது. அதுல தப்பு இருந்துச்சுன்னா இதுலயும் இருக்கும். தூங்கி எந்திரிச்சு வந்து சொல்லுங்க. அப்பவும் இதேதான்னா, உங்க கண்ணு முன்னாலயே முத்திரை குத்தறேன்."

எங்கே அண்ணே தூங்குவது என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. எங்களுக்கென்று ஓர் அறையே கிடையாது. வார்டில் காலியாக இருக்கும் கட்டிலில் சாய்வோம். நோயாளி வந்தால் எழுந்துவிடுவோம்.

அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தாழ்வாரத்தின் கடைசியில், மாவுக்கட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த பழைய ஸ்டோர் ரூம். அதை அவர் எப்போது காலி செய்தார் என்று எனக்குத் தெரியாது. சுவரில் ஈரக் கறை அப்படியே இருந்தது. ஆனால் ஒரு கட்டில், துவைத்த விரிப்பு, இரண்டு கம்பளி, ஜன்னலுக்குத் தடித்த துணி. கதவில் உள்பக்கமாக ஒரு புதுத் தாழ்ப்பாள். அதை ஒருமுறை போட்டு எடுத்துக் காட்டினார். "உள்ள இருந்து போட்டுக்குங்க. நானா வந்து தட்டற வரைக்கும் யாரும் தட்ட மாட்டாங்க" என்றார்.

நான் தூங்கிய நேரத்தில் வெளியே நடந்ததைச் சிஸ்டர்தான் பிற்பாடு சொன்னார். பெரிய டாக்டர் என்னைத் தேடியிருக்கிறார். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் தூங்குவதா என்று நேராக அந்த அறைக்கே வந்திருக்கிறார். டைம்கீப்பர் அண்ணன் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். எழுந்து நின்று, குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆனால் நகராமல், "டாக்டரம்மா இப்ப டூட்டில இல்லீங்க" என்றாராம். யார் அப்படி முடிவு செய்தது என்று கேட்டதற்கு, "நானுங்க" என்றிருக்கிறார். வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்று பெரிய டாக்டர் சொன்னார். செய்யுங்கள், ஆனால் நாலு மணிக்கு அப்புறம் செய்யுங்கள் என்றிருக்கிறார் இவர். அறுபது பேரையும் அன்று பெரிய டாக்டரும் ஈரோட்டுக்காரரும் பார்த்து முடித்தார்கள்.

நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து வந்தேன். மழை விட்டு, எதிர் மலையில் வெயில் விழுந்து கிடந்தது. எனக்குப் பசித்தது. பசி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

அன்றைக்குத்தான் தன் பேக்டரிக் கதையைச் சொன்னார். ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்குப் பிறகு எப்போதும் பேசவில்லை. தேயிலையை அறுத்து நசுக்குகிற ரோலர், பல் வைத்த இரும்பு உருளை. அதற்கு இலை தள்ளுகிற ஆள் ஒருநாள் வரவில்லை. ஒரு ஷிப்டு முடித்துக் கிளம்பியவனை நிறுத்தி, இன்னொரு ஷிப்டு பார்க்கிறாயா என்று கேட்டார்கள். அவன் பரவாயில்லை என்றான். டைம்கீப்பராக அதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் இவர். ஷிப்டு ஆரம்பத்தில் அவன் போட்ட கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது. இவர் அதைப் பார்த்தார். பார்த்தும் விட்டுவிட்டார். விடிவதற்குள் ரோலர் அவனுடைய மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது.

"அப்பறம் என் பேக்டரில ரெண்டு ஷிப்டு பாத்த ஆளை ரோலர் பக்கம் ஒருநாளும் நான் விட்டதில்லீங்க. முதலாளியே வந்து சொன்னாலும் விட்டதில்லை. இங்க வந்து பாத்தா, மூணு ஷிப்டு நின்னவங்க கத்தியத் தூக்கிட்டு மனுசன் வவுத்துக்குள்ள போறீங்க. எனக்கு எப்படீங்க தூக்கம் வரும்?"

அறக்கட்டளையின் கமிட்டி அடுத்த வாரம் கூடியது. அவருடைய நடத்தையைப் பற்றிப் பேசத்தான் கூடியது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் தானே தோட்டம் வைத்து நொடித்துப்போனவர்; அலுப்போடுதான் உட்கார்ந்திருந்தார். தூக்கம் இல்லாமல்தான் நாங்கள் எல்லாரும் தொழில் கற்றோம், அது டாக்டருடைய வாழ்க்கை என்றார் பெரிய டாக்டர். அவர் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை.

டைம்கீப்பர் அண்ணன் எந்த வாதமும் செய்யவில்லை. வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். என் கையெழுத்தில் பத்து, ஈரோட்டுக்காரருடையதில் பத்து, போய்விட்டவருடையதில் கடைசி நான்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலால், கடைசியாகத் தூங்கி எத்தனை மணி நேரம் ஆனது என்று சின்னதாக எழுதியிருந்தார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். போய்விட்டவரின் கடைசிக் கையெழுத்தில் எழுத்தே இல்லை, ஒரு புள்ளிதான் இருந்தது.

பிறகு டைம்கீப்பர் அண்ணன் இன்னொரு நோட்டை எடுத்தார். ஆபரேஷன் பதிவேடு. அதில் கையெழுத்துப் போடுவது ஒருவர்தான். அதைப் பெரிய டாக்டருக்கு நேராகத் திருப்பி வைத்து, "நீங்களே பாருங்க" என்றார். கீழே பென்சில் குறிப்பு எதுவும் இல்லை. தேவைப்படவில்லை.

பெரிய டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கு அப்போது அறுபது வயது. அவருக்கு லீவு என்று ஒரு நாள் இருந்ததை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்தது கிடையாது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஏம்ப்பா, எனக்கு எந்த நாள் லீவு போட்டிருக்கே?"

"செவ்வாய்க்கிழமைங்க" என்றார் டைம்கீப்பர் அண்ணன். யாருக்கு எப்போது டூட்டி, எப்போது லீவு என்று போட்ட சார்ட் ஏற்கெனவே அவர் பையில் தயாராக இருந்தது.

லீவு கொடுப்பது சரி, அந்த நேரத்தில் நோயாளிகளை யார் பார்ப்பது என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கும் அவர் பேக்டரியிலிருந்துதான் பதில் கொண்டுவந்தார். எல்லா ஊர் இலையும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால் எந்த பேக்டரியும் தாங்காது. அதனால் ஊருக்கு ஒரு நேரம் கொடுப்பார்கள். அதேபோல ஒவ்வொரு பஸ் வழியில் இருக்கும் ஊர்களுக்கும் ஒரு நேரம் என்று பிரித்தார். அவசரம் என்று வந்தால் எந்த நேரமும் வரலாம். தன் லீவு நாட்களில் பஸ் ஏறி எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய், டிஸ்பென்சரி மூடியதால் வீட்டில் உட்கார்ந்திருந்த மூன்று நர்சம்மாக்களைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். காய்ச்சலும் காயமும் பிரசவமும் பார்த்துப் பழகிய கைகள். நாங்கள் பார்க்க வேண்டியது யாரை, காத்திருக்கக்கூடியவர் யார் என்று எங்களைவிட வேகமாகப் பிரித்தார்கள். குன்னூரில் தனியாக கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்து, வாரம் ஒரு நாள் வருவதாக ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த டாக்டர் ஒப்புக்கொள்ளும்வரை கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

இரண்டு மாதத்தில் வாசல் கூட்டம் கலைந்து, நாள் முழுக்கச் சீராக வர ஆரம்பித்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒன்றுமே செய்யாமல் ஊட்டி ஏரிக்கரையில் உட்கார்ந்து சோளக்கதிர் தின்றேன். ஈரோட்டுக்காரர் மறுபடி கிரிக்கெட் ஆடப் போனார். போய்விட்டவரின் இடத்துக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார், வந்தவர் தங்கினார்.

ஆனாலும் பெரிய டாக்டருக்கு உள்ளே ஒரு சந்தேகம் இருந்தது. சாதாரண நாளுக்கு இந்தச் சார்ட் சரி, ஒரு பெரிய ஆபத்து வந்தால் என்ன செய்யும் என்பார். அந்த நாளும் வந்தது.

எஸ்டேட்டில் வேலை இல்லாமல், கேத்திப் பக்கம் கேரட் பறிக்கக் கூலிக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வேன் காலையில் கிளம்பியது. ஈர ரோட்டில், வளைவில், சரிவுக்குள் உருண்டது. எட்டரை மணிக்குள் இருபது பேருக்கு மேல் எங்கள் தாழ்வாரத்தில் கிடந்தார்கள். எனக்கு முந்தின இரவு டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். போகவில்லை. எல்லாரும் ஓடினோம். தையல், மாவுக்கட்டு, ரத்தம் ஏற்றுவது. பதினோரு மணிக்குக் குன்னூர் டாக்டர் காரில் வந்து இறங்கினார். அவர் கோட்டை மாட்டிக்கொண்ட உடனே டைம்கீப்பர் அண்ணன் என்னிடம் வந்து, போய்ப் படுங்கள் என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. இன்னும் ஆறு பேரைப் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் கத்தியும்விட்டேன் என்று நினைக்கிறேன்.

"அந்த ஆறு பேரைப் பாக்கறதுக்கு ஆள் வந்தாச்சுங்க, அம்மிணி. சாயங்காலம் இவங்க எல்லாரையும் பாக்கறதுக்குத்தான் ஆள் இல்லை."

நான் பெரிய டாக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு தொடையெலும்பை இழுத்துப் பிடித்தபடி, நிமிராமல், "போம்மா, அவர் சொல்றதக் கேளு" என்றார்.

ஐந்து மணிக்குக் கதவு தட்டினார். முகம் கழுவிக்கொண்டு முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாரையும், புதிதாக வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். காலையிலிருந்து நின்றவர்களின் கண்ணில் எல்லா முகமும் ஒன்றாகிப் போயிருந்தது. பன்னிரண்டாவதாக, தாழ்வாரத்து மெத்தையில் ஒரு பெண். பத்தொன்பது வயது. மணிக்கட்டில் மட்டும் எலும்பு முறிவு, கட்டுப் போட்டாகிவிட்டது என்று சீட்டில் இருந்தது. மதியம் இரண்டு தடவை பார்த்திருக்கிறார்கள், அப்போது நாடி நன்றாகவே இருந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். இடது தோள்பட்டை என்றாள். தோளில் கீறல்கூட இல்லை. நாடியைப் பிடித்தேன், எண்ண முடியாத ஓட்டம். வயிற்றில் கை வைத்தேன், பலகைபோல இருந்தது. உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது; அந்த வலிதான் தோளில் தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவள் சத்தமில்லாமல் போயிருப்பாள்.

பெரிய டாக்டரை மூன்று மணிக்கே ஆபீஸ் சோபாவில் படுக்க வைத்திருந்தார் டைம்கீப்பர் அண்ணன். எழுந்து வந்தார். அந்தக் கைகள் அன்று வேலை செய்ததை நான் எதிரில் நின்று பார்த்தேன். ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. ஈரோட்டுக்காரரும், இரண்டு வார்டு ஆட்களும், அந்தப் பெண்ணின் அண்ணனும் ரத்தம் கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். மூச்சு சீராக இருந்தது. அன்று வந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. தாழ்வாரத்தில் நின்று பெரிய டாக்டர் என் தோளைத் தட்டினார். "நான் மத்தியானமே அந்தப் பொண்ணப் பாத்தேம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சார்ட்டைப் பற்றி அவர் சந்தேகம் சொன்னதே இல்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனபோது, அவரே கூட நின்று விளக்கினார்.

கடைசியாக அந்தப் பெண்ணைத்தான் வீட்டுக்கு அனுப்பினோம். அது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அவளைக் கூட்டிப்போக அவளுடைய லயனே திரண்டு வந்திருந்தது. வேனில் இருந்த மற்ற பெண்களும், கையில் கட்டோடும் காலில் கட்டோடும் வந்திருந்தார்கள். இரண்டு தப்பு மேளம், ஒரு பெரிய சாமந்தி மாலை. பெரிய டாக்டருக்குப் போட வந்தார்கள். அவர் கழுத்தை நீட்டவில்லை. இந்த மாலைக்கு ஆள் வேறு என்று சொல்லி, டைம்கீப்பர் அண்ணனைக் கூட்டிவரச் சொன்னார். ஆபீசில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. வியாழக்கிழமை அவருக்கு லீவு.

வீடு பக்கம்தான், ஆஸ்பத்திரிக்குக் கீழே, பஸ் நிறுத்தம் போகிற வழியில். சிஸ்டர் தானே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது தனியாக வந்தார். டைம்கீப்பர் அண்ணனின் மனைவி வாசலிலேயே வழி மறித்துவிட்டாராம். "அவரு தூங்கறாருங்க. லீவு நாள்ல எழுப்பினா, எழுப்பினவங்க பேரை எழுதி வெச்சுக்குவாரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எல்லாரும் சிரித்தோம். பெரிய டாக்டர் சிரித்ததுதான் எல்லாரையும்விட அதிகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் எழுப்ப வேண்டாம் என்றார். அந்தப் பெண் மாலையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போகிற வழியில் வாசற்கதவில் மாட்டிவிட்டுப் போகிறேன் என்றாள்.

நாங்கள் மேலே, ஆஸ்பத்திரிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அறுபது எழுபது பேர் கீழே இறங்கிப் போனார்கள். அவருடைய வீடு வந்ததும் தப்புக்காரர்கள் தப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். கைத்தடி ஊன்றி நடந்தவள் தடியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து நொண்டினாள். அந்தப் பெண் குனிந்து மாலையைக் கதவில் மாட்டினாள். ஜன்னல் திரை அசையவில்லை. மொத்தக் கூட்டமும் மூச்சுக்கூடக் கேட்காமல் அந்த வீட்டைத் தாண்டி, சாலை திரும்பி, மலைக்கு அந்தப் பக்கம் மறைந்தது.

மறைந்த பிறகுதான் தப்பு அதிர ஆரம்பித்தது.